கைத்துப்பாக்கிக்கு நைட் சைட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குலசேகரம் பக்கம் ரப்பர் விளைக்கு நடுவே வீடு. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன், வயது 63. லைசென்ஸ் எடுத்து .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். கறண்ட் போனால் ஃபோர்சைட் (குறி பார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முனை) கண்ணுக்கே தட்டுப்படவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகன் இருட்டில் தானே ஒளிரும் மூன்று புள்ளி (முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு) டிரிடியம் சைட் வாங்கி வரட்டுமா என்கிறான். எந்த நிறம் சொல்லலாம்?

பதில்: நிறம் கிடக்கட்டும், முதலில் ரிவால்வரைக் கையில் எடுத்து, குண்டு இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, சைட்டைப் பாருங்கள். பின்பக்கம் பேக்சைட் என்று தனியாக ஒரு பாகம் இருக்கிறதா, அல்லது மேல்பக்கத்தில் வெட்டிய வெறும் பள்ளம்தானா? பெரும்பாலான .32 ரிவால்வர்களில் பள்ளம்தான் இருக்கும். ஃபோர்சைட்டும் கழற்றி மாட்டும் வகையாக இருக்காது. வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் டிரிடியம் சைட்டுகளில் பெரும்பகுதி 9 எம்.எம். பிஸ்டலின் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) குறுக்கே வெட்டிய சரிவுக் காடிக்கென்று செய்தவை. 9 எம்.எம். நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். மகன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உங்கள் ரிவால்வரில் உட்கார இடம் இல்லை. புதிதாகக் காடி வெட்டலாம், துளை போடலாம் என்று லேத் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றி அமைக்கவும் 1959 ஆயுதச் சட்டம் 5-ஆம் பிரிவின்படி அதற்கென்றே லைசென்ஸ் வேண்டும். பட்டறைக்காரரும் மாட்டிக்கொள்வார், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, டிரிடியம் கதிரியக்கப் பொருள். இறக்குமதிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரும் சாமான் இல்லை.

உங்களுக்குப் போதுமானது ஒளிரும் பெயின்ட். ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலந்தது என்று கேட்டு வாங்குங்கள். பழைய துத்தநாக சல்பைடு வகை சில நிமிடங்களில் மங்கிவிடும். ஃபோர்சைட்டின் கண்ணைப் பார்த்த முகத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை முழுக்க எடுங்கள். பெயின்ட் உரிந்து வருவது பெரும்பாலும் இந்த ஒரு வேலையில் சோம்பல் பட்டதால்தான். நெயில் பாலிஷ் ரிமூவரும் ஆகும், ஆனால் பிளாஸ்டிக் பிடியில் பட்டால் பிடி இளகிவிடும். சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு, முதலில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. கறுப்பு இரும்பு மேல் நேராக ஒளிரும் பெயின்ட் அடித்தால் பாதி வெளிச்சத்தை இரும்பே விழுங்கிவிடும். வெள்ளை நன்றாகக் காய்ந்தபின் தீக்குச்சி முனையால் ஒளிரும் பெயின்ட், மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று பூச்சு. கடைசியில் நிறமில்லா நெயில் பாலிஷ்.

கவனிக்க வேண்டியது மேல் விளிம்பு. எய்ம் பிடிப்பது அந்த விளிம்பை வைத்துத்தான். பெயின்ட் அதன்மேல் ஏறித் திரண்டு நின்றால் சைட் உயரம் கூடின மாதிரி ஆகி, குண்டு கீழே போகும். விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்கள்.

இதில் ஒரு குறை உண்டு. ரிவால்வர் பூட்டிய பீரோவில் கிடக்கிறது. அங்கே வெளிச்சம் ஏது? வெளியே எடுக்கும்போது பெயின்டும் இருட்டாகத்தான் இருக்கும். டார்ச்சைப் பத்து வினாடி காட்டினால் ஒளிரும். அப்படியானால் டார்ச் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதைத்தான் முதலில் வாங்கச் சொல்கிறோம். எந்த நைட் சைட்டும் துப்பாக்கியைத்தான் காட்டும், எதிரே நிற்பது யார் என்று காட்டாது. விடியுமுன் இரண்டு மூன்று மணிக்கே உங்கள் விளையில் நெற்றி விளக்கோடு நடமாடுவது பால் வெட்ட வந்த ஆளாக இருக்கலாம். முகம் தெரியாமல் துப்பாக்கியை நீட்டவே கூடாது. பின்முனையில் சுவிட்ச் உள்ள, 300 முதல் 500 லூமென் டார்ச் வீட்டுக்குத் தாராளம். ஆயிரத்துக்கு மேல் போனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணைத்தான் கூசவைக்கும்.

63 வயதில் ஃபோர்சைட் மங்கலாகத் தெரிவதற்கு இருட்டு மட்டும் காரணமாக இருக்காது. கையை நீட்டிய தூரத்துக்கு கண்ணாடி பவர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டிரிடியம் உடம்புக்குக் கேடா? எத்தனை வருஷம் எரியும்? (மணவாளக்குறிச்சி வாசகர்)

பதில்: கதிரியக்கமுள்ள மோனசைட் மணலுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு கேட்கிறீர்கள்! அந்த மணலில் உள்ள தோரியத்தைத்தான் ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் சேர்த்தார்கள். டிரிடியம் வேறு சங்கதி. அது ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. சின்னக் கண்ணாடிக் குழலுக்குள் வாயுவாக அடைத்திருப்பார்கள். அதிலிருந்து வரும் பீட்டா கதிர் உட்சுவரில் பூசிய பாஸ்பரில் (கதிர் பட்டால் ஒளிரும் பொருள்) பட்டு ஒளி வருகிறது. அந்தக் கதிருக்குக் கண்ணாடியைத் தாண்டவோ தோலைத் துளைக்கவோ வலு இல்லை. குழல் உடைந்து உள்ளே மூச்சோடு போனால்தான் தொல்லை. உடைந்துவிட்டால் கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். தூளைக் கையால் அள்ள வேண்டாம், பட்டிருந்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

அரை ஆயுள் சுமார் 12.3 வருஷம். அதற்குள் ஒளி பாதியாகக் குறையும்; பாஸ்பரும் தேய்வதால் நடைமுறையில் பாதிக்கும் கீழே போகும். சைட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே விலையைவிடத் தயாரித்த வருஷத்தைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று புள்ளியும் பச்சையாக உள்ள சைட் நல்லதா, முன்னால் மட்டும் ஒரு புள்ளியா?

பதில்: முன்னால் மட்டும் ஒரு புள்ளி; எங்கள் ஓட்டு அதற்கே. ஒரே மாதிரி மூன்று புள்ளி இருந்தால், இருட்டில் அவசரத்தில் ஃபோர்சைட் புள்ளி பின் இரண்டுக்கும் வெளியே போய் ஓரத்தில் நின்றாலும் வரிசையாகத் தெரிந்து ஏமாற்றும். மூன்றுதான் வேண்டும் என்றால் முன்னால் பச்சை, பின்னால் மங்கலான மஞ்சளோ ஆரஞ்சோ. மனிதக் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது பச்சை.

மாட்டும்போது சுத்தியல் கூடாது, கண்ணாடிக் குழல் விரிசல் விடும். திருகு வைத்துத் தள்ளும் சைட் புஷர் உள்ள, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கேள்வி: சைட் மாற்றியபின் 10 மீட்டரில் குண்டு 5 சென்டிமீட்டர் கீழே விழுகிறது. (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: ஃபோர்சைட் உயரம் அதிகம். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது: விலகலை, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள நீளத்தால் பெருக்கி, குறி வரையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எடுத்து, அந்த நீளம் 130 என்று வைத்தால் 50 × 130 ÷ 10,000 = 0.65 மில்லிமீட்டர். இப்போது உள்ளதைவிட அவ்வளவு குட்டையான ஃபோர்சைட் போட்டால் சரியாகும். அரத்தால் ராவிக் குறைக்க மெக்கானிக்கிடம் கொடுக்குமுன், கைக்கு முட்டுக் கொடுத்து ஐந்து ரவுண்டாவது சுட்டுப் பாருங்கள். ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தாலும் குண்டு கீழேதான் போகும். ராவியது திரும்ப வளராது. குண்டு பக்கவாட்டில் விலகினால், எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பேக்சைட்டை நகர்த்துங்கள்.

கேள்வி: ஃபைபர் ஆப்டிக் சைட் இரவில் தெரியுமா? (குளச்சல் வாசகர்)

பதில்: தெரியாது. வெளி வெளிச்சத்தைப் பிடித்து முனையில் காட்டுவதுதான் அதன் வேலை. அந்திக்கு நன்றாக இருக்கும், இருட்டினால் கறுப்புக் கம்பி. உங்கள் ஊர்க் கடல்காற்றில் ஃபைபரைவிட அதைப் பிடித்திருக்கும் இரும்புதான் முதலில் துரு ஏறும். வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்ட துணியால் சைட்டின் அடிப்பகுதியைத் துடையுங்கள். ஃபைபர் முனையில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, தூசி ஒட்டி மங்கிவிடும்.

கேள்வி: காட்டுப்பன்றி மரச்சீனியைத் தோண்டிப் போடுகிறது. நைட் சைட் போட்ட பிஸ்டல் உதவுமா?

பதில்: உதவாது. வனத்துறை அனுமதி இல்லாமல் சுட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு வரும். .32 குண்டுக்குப் பன்றி விழாது, காயத்தோடு உங்கள் மேலேயே திரும்பும். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.