இயற்பியலில் போன 26 மதிப்பெண்

கடிதம்:

வணக்கம். கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். மகள் இந்த வருடம் பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம். கணிதம் 86, இயற்பியல் 58, வேதியியல் 79, கணினி அறிவியல் 92. அரையாண்டில் இயற்பியல் 84 எடுத்தவள். பரீட்சையன்று கை நடுங்கி, தெரிந்த விடையும் வராமல், ஐந்து மதிப்பெண் கேள்விகளில் மூன்றைத் தொடாமலே வந்துவிட்டாள். ஜனவரியிலிருந்தே படபடப்பு உண்டு, டாக்டரிடமும் காட்டினோம். லண்டனில் இருக்கும் என் தம்பி, அங்கெல்லாம் டாக்டர் கடிதம் கொடுத்தால் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கும் என்கிறான். இங்கே அதை யாரிடம் கொடுப்பது? டாக்டரிடம் போனது வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வருமோ என்ற பயமும் இருக்கிறது. முகப்புக்கு வருகிறவர்கள் எல்லோரும் மார்க் கேட்பதால் பிள்ளை வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டை விட்டு வெளியே வருவதில்லை. அப்பத்தா கண்ணு பட்டுவிட்டது என்கிறார்.

ஒரு தாய்

பதில்:

அன்புள்ள ஆச்சி,

கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் கலந்தாய்வில் அதைக் கொடுக்க இடமே இல்லை. அங்கே கூட்டல் மட்டும்தான். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. உங்கள் மகளுக்கு 86 + 29 + 39.5, கட்ஆஃப் 154.5. இயற்பியலில் 84 வந்திருந்தால் 167.5. போனது 26 என்று வீடே அழுகிறது, கட்ஆஃபில் போனது 13. சின்ன இழப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் முகப்பில் பேசப்படும் அளவுக்குப் பெரியதும் இல்லை.

முதலில் விடைத்தாள் நகல். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள், பள்ளியில் இன்றே கேளுங்கள். நகல் கைக்கு வந்தபிறகுதான் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யவேண்டும். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று முப்பதும் முழுதாக வந்திருந்தால், எழுத்துத் தேர்வில் 70க்கு 28 எடுத்திருக்கிறாள். தொடாத மூன்று கேள்விக்கு 15 போனது. மீதி எங்கே போனது என்பதை நகலில் பாருங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், உள்ளே போட்டு முகப்புத் தாளில் ஏறாத மதிப்பெண், படிநிலைக்குக் கொடுக்காத அரை, ஒன்று. இவை இருந்தால் கேட்கலாம். வெறும் பக்கத்துக்கு எந்த மறுமதிப்பீடும் உதவாது. துணைத்தேர்வு தவறியவர்களுக்கும் எழுத வராதவர்களுக்கும் உரியது, அந்தப் பக்கம் யோசிக்க வேண்டாம்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் மதிப்பெண் சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். பிழை சொல்ல அவகாசம் உண்டு.

அடுத்தது விருப்பப் பட்டியல். மார்க் குறைந்த வீடுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பயத்தில் "கிடைக்கும்" கல்லூரியை முதலில் போட்டுவிடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே வரும். உங்கள் தரவரிசைக்கு இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே அதைவிட நல்லது இருந்து, கிடைக்கக்கூடியதாகவே இருந்தாலும் போனதுதான். ஆகவே ஆசை மேலே, நிச்சயம் கீழே. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு உங்கள் சமூக ஒதுக்கீட்டில் எத்தனையில் முடிந்தது என்ற பட்டியல் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கும். 165 வரை முடிந்தவற்றை மேலே, 155ஐ ஒட்டியவற்றை நடுவே, 140 வரைக்கும் கீழே எழுதுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பத்துப் பதினைந்தோடு நிறுத்திவிட்டு ஒதுக்கீடே வராமல் போனவர்கள் நிறைய. அறுபது எழுபது போடலாம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் உறுதிசெய்ய இரண்டே நாள். ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவதா என்று கேட்கும். படபடப்புள்ள பிள்ளையிடம் அந்த இரண்டு நாளில் கேட்டால் எதையாவது அழுத்திவிடுவாள். எந்தக் கல்லூரி வந்தால் எந்தப் பதில் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கிடையில் "மார்க் கம்மிதானே, சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று தரகர் வருவார். கலந்தாய்வு முடியும்வரை முன்பணமும் வேண்டாம், அசல் சான்றிதழும் கையை விட்டுப் போகவேண்டாம்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். அங்கே அறிவியல் பாடங்களுக்கு மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு 315, கணினி அறிவியலின் 92 அங்கேதான் கை கொடுக்கிறது. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி வாசலில் இருக்கும்போது அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். பிளஸ் டூவில் கணிதம் படித்தவர் பி.எஸ்சி. முடித்துவிட்டு நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயப் படிப்புக்காரர்களுக்கும் அதே வழி. அந்த இரண்டாம் ஆண்டுச் சேர்க்கைக்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகள் நடத்தியதே உங்கள் ஊர்ப் பக்கத்து அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான்.

தம்பி சொன்னது பாதி சரி. பிரிட்டனில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாக வாங்கும் யூகாஸ் அமைப்பின் வழி விண்ணப்பித்தால், பள்ளி எழுதும் பரிந்துரையில் மாணவரின் பாதகமான சூழலைச் சொல்லத் தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அங்கேயும் தேர்வு வாரியம் சிறப்புக் கவனிப்பாகக் கூட்டித் தருவது அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் மிகக் கடுமையான நிலைகளுக்கு. முடிவு வந்தபிறகு போய்ச் சொன்னால் எடுபடுவதும் கடினம். இங்கே கட்டுரையும் நேர்முகமும் வைத்துச் சேர்க்கும் சில தனியார் பல்கலைக்கழகங்களில் மட்டும் கடிதத்தைப் படிக்க ஆள் இருக்கிறது. அதற்காக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து சிகிச்சை, எந்தக் காலம் பாதிப்பு, எந்தப் பாடத்தேர்வு கெட்டது என்று டாக்டர் பதிவு எண்ணுடன் நாலு வரி. கூடவே பள்ளியிலிருந்து அரையாண்டு, திருப்புதல் தேர்வு மதிப்பெண்கள். 84க்கும் 58க்கும் உள்ள இடைவெளியே பேசும், உருக்கமாக எழுத வேண்டியதில்லை.

கல்யாணப் பேச்சு பற்றி: பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் மனநலம் பற்றிய கேள்வி கிடையாது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு கேட்பவர்கள் சான்று காட்டவேண்டும். அதற்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும், தேர்வு நேரத்து நடுக்கம் சாதாரணமாக அதில் வராது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவர் விவரத்தை வெளியே சொல்லக்கூடாது. ஊரில் பரவினால் அது நம் வீட்டு வாய் வழியாகத்தான்.

சிகிச்சையை மட்டும் "பரீட்சை முடிந்துவிட்டதே" என்று நிறுத்தாதீர்கள். கல்லூரியில் ஆறு மாதத்துக்கொரு தேர்வு காத்திருக்கிறது. நடுக்கத்துக்கு மருந்துக் கடையில் புரோப்ரனோலால் கேட்டு வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆஸ்துமா இருப்பவருக்கு அது ஆபத்து. டாக்டர் எழுதாமல் வேண்டாம். மருந்தைவிட முக்கியம், பழக்கமில்லாத அறையில் கடிகாரம் வைத்து முழு மூன்று மணிநேரம் எழுதிப் பழகுவது. முதல் பருவத்தின் உள்தேர்வுகளை இதற்கான ஒத்திகையாக வைத்துக்கொள்ளட்டும். பயந்து ஒரு தேர்வுக்குப் போகாமல் இருந்தால் அடுத்ததற்குப் பயம் இரட்டிப்பாகும். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104ம் உண்டு.

அப்பத்தா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடட்டும். ஆனால் விருப்பப் பட்டியலைப் பூட்டும் அன்று கணினி முன்னால் மகளும் நீங்களும் மட்டும் உட்காருங்கள். ஓடிபி வரும் கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும்.