கேள்வி–பதில்: கனேரித் தீவுகளும் ஸ்பானிய உள்நாட்டுப் போரும்

மயிலாடுதுறை வாசகி: ஸ்பானிய உள்நாட்டுப் போர் கனேரித் தீவுகளில்தான் தொடங்கியது என்று ஓரிடத்தில் படித்தேன். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிக் கிடக்கும் தீவுகளுக்கும் மாட்ரிட் அரசியலுக்கும் என்ன தொடர்பு?

தொடங்கியது என்பதைவிட, அங்கிருந்து புறப்பட்டது என்பதே பொருந்தும். குடியரசு அரசுக்கு எதிரான ராணுவக் கலகம் 1936 ஜூலை 17 அன்று ஸ்பெயினின் வசமிருந்த மொராக்கோப் பகுதியில், மெலில்லா நகரத்துப் படை முகாமில் வெடித்தது. அந்தப் படைக்குத் தலைமை ஏற்கப் போனவர்தான் ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரியில் இருந்தார். அவ்வாண்டு பிப்ரவரித் தேர்தலில் இடதுசாரிகளும் குடியரசுவாதிகளும் சேர்ந்த மக்கள் முன்னணி வென்றதும், புதிய அரசு தான் நம்பாத தளபதிகளைத் தலைநகரை விட்டு அகற்றியது. தலைமைப் படைத்தளபதியாக இருந்த, பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிராங்கோ அப்படித்தான் தெனெரீஃப் தீவுக்கு அனுப்பப்பட்டார். ஆளைத் தொலைவில் வைத்தால் ஆபத்தும் தொலைவில் நிற்கும் என்று அரசு கணக்குப் போட்டது. மாட்ரிடுக்குத்தான் அது தொலைவு. ஸ்பெயினின் மிகத் தேர்ந்த படை நிலைகொண்டிருந்த மொராக்கோவுக்கு அங்கிருந்து ஒரு விமானப் பயணம் போதும் என்பதை அரசு எண்ணிப் பார்க்கவில்லை.

சதியாளர்கள் லண்டனில் வாடகைக்கு எடுத்த சிறு விமானம் ஒன்று, ஜூலை 11 அன்று கிராய்டனிலிருந்து கிளம்பி, கிரான் கனேரியாவின் காண்டோ விமானத்தளத்தில் வந்து காத்திருந்தது. ஆனால் பிராங்கோ இருந்ததோ பக்கத்துத் தீவில். 16ஆம் தேதி கிரான் கனேரியாவின் படைத்தலைவர் பால்மெஸ் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கைக் காரணம் காட்டி பிராங்கோ கடல் கடந்து அங்கே வந்தார். கைத்துப்பாக்கியைச் சோதிக்கும்போது நேர்ந்த விபத்து என்றது அதிகாரபூர்வ அறிக்கை. கொலைதான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 18ஆம் தேதி புறப்பட்ட பிராங்கோ மறுநாள் மொராக்கோவின் தெத்துவானில் இறங்கினார்.

தூத்துக்குடி வாசகர்: அப்படியானால் தீவுகளிலும் கடும் சண்டை நடந்திருக்குமே?

போர்முனை என்று எதுவும் அங்கே இருக்கவில்லை. லா பால்மா தீவு மட்டும் ஒரு வார காலம் குடியரசின் பக்கம் நின்றது. ஜூலை 25 அன்று பீரங்கிப் படகு ஒன்று வந்து சேர்ந்ததும் அதுவும் அடங்கியது. சண்டை நடக்கவில்லை என்பதால் தீவுகள் தப்பித்தன என்று எண்ணிவிடக் கூடாது. தெனெரீஃபின் சாந்தா குரூஸ் நகரில் வாழைத்தார்களை அடுக்கி வைக்கும் ஃபைஃப்ஸ் நிறுவனக் கிடங்குகள் அரசியல் கைதிகளின் சிறையாயின. கிரான் கனேரியாவின் ஹினாமர் எரிமலைக் குழிக்குள் தொழிற்சங்கத்தாரும் குடியரசு ஆதரவாளர்களும் தள்ளப்பட்டார்கள். இதற்கிடையே, அதே தீவின் லாஸ் பால்மாஸ் நகரில் பிறந்த ஹுவான் நெக்ரின் என்ற மருத்துவப் பேராசிரியர்தான், 1937 முதல் குடியரசின் கடைசிப் பிரதமராக பிராங்கோவை எதிர்த்து நின்றார்.

நாமக்கல் வாசகர்: போர் தீவுகளின் பொருளாதாரத்தை எப்படி மாற்றியது?

நெருக்கமாகப் பார்க்க வேண்டிய கேள்வி இது. கனேரித் தீவுகள் எப்போதும் வெளிச்சந்தையை நம்பியே வாழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சப்பாத்திக்கள்ளியில் கொச்சினீல் பூச்சியை வளர்த்து, உலர்த்தி, சிவப்புச் சாயத்துக்காக ஐரோப்பாவுக்கு விற்றார்கள். ஐரோப்பாவில் செயற்கைச் சாயம் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. பின்பு வாழையும் தக்காளியும் பெருமளவில் பிரிட்டனுக்குப் போயின. 1852ஆம் ஆண்டின் அரசாணை இத்துறைமுகங்களைச் சுங்க வரியற்றவையாக ஆக்கியிருந்ததால், ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் செல்லும் நீராவிக் கப்பல்கள் இங்கே நிலக்கரி நிரப்பிச் சென்றன. நாணயமும் சரக்கும் லண்டனோடு புழங்கிய அளவுக்கு மாட்ரிடோடு புழங்கவில்லை என்றே சொல்லலாம்.

போர்க் காலத்தில் வாழையும் தக்காளியும் ஈட்டிய அந்நியச் செலாவணி பிராங்கோ தரப்பின் கைக்குப் போயிற்று. விளைவித்தவருக்கு ஸ்பெயின் நாணயமான பெசெட்டா, அரசுக்குப் பிரிட்டிஷ் பவுண்டு. அதற்கு முன்பே, 1930களில் பிரிட்டன் தன் காலனி நாடுகளின் விளைபொருளுக்கு முன்னுரிமை அளிக்கத் தொடங்கியதால் கனேரி வாழைக்கு அங்கே இடம் சுருங்கியிருந்தது. 1939 ஏப்ரலில் போர் முடிந்த சில மாதங்களிலேயே உலகப் போர் வந்து கடல்வழி வணிகம் நின்றது. வெளியிலிருந்து எதையும் வாங்காமல் சொந்தக் காலில் நிற்பது என்ற பிராங்கோவின் கொள்கை, கோதுமை முதல் எரிபொருள் வரை கப்பலை எதிர்பார்த்திருந்த தீவுகளுக்குச் சற்றும் ஒத்துவராதது. 1941 முதல் 1946 வரை தீவுகளின் பொருளாதாரமே ஒரு ராணுவத் தளபதியின் பொறுப்பில் இருந்தது: எதை இறக்குவது, யாருக்கு எவ்வளவு பங்கீடு, என்ன விலை என்பதெல்லாம் படைத்தலைமையகத்தில் தீர்மானமாயின. பட்டினியைத் தடுக்க அது ஓரளவு உதவியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நூறாண்டுப் பழக்கமான திறந்த துறைமுக வாழ்வு அதோடு முடங்கிப் போனது.

அதற்கு மக்கள் கண்ட வழி வெளியேறுவது. முன்பு கியூபாவுக்குப் போனவர்கள் இப்போது வெனிசுவேலாவுக்குப் போனார்கள். அனுமதி கிடைக்காதவர்கள், பழைய பாய்மரப் படகுகளில் நெருக்கியடித்து இரவில் புறப்பட்டு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அவற்றுக்குப் பேய்ப் படகுகள் என்றே பெயர். இன்றும் கனேரி மக்கள் வெனிசுவேலாவை எட்டாவது தீவு என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அதே போன்ற படகுகளில் 2024இல் மட்டும் 46,000க்கும் மேற்பட்டோர் இத்தீவுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம்.

1950களின் இறுதியில் ஸ்வீடனிலிருந்து வாடகைக்கு எடுத்த விமானங்களில் வெயில் தேடி வந்தவர்களோடு சுற்றுலா தொடங்கியது. இப்போது சுமார் 22 லட்சம் பேர் வாழும் தீவுகளுக்கு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் வருகிறார்கள். வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவர்களிடமிருந்தே கிடைக்கிறது. வாடகை ஏறி உள்ளூர்வாசிகள் வீடின்றித் தவிப்பதாகச் சொல்லி 2024 ஏப்ரலில் பல்லாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். கொச்சினீலும் வாழையும் போய் மூன்றாவதாக வந்த ஒற்றைப் பயிர் இது என்பது என் கருத்து.

கடலூர் வாசகர்: அங்கே தனிநாடு கோரிக்கை உண்டா?

இருந்தது, இப்போது மிகவும் பலவீனம். 1977 மார்ச் 27 அன்று பிரிவினைக் குழுவொன்று காண்டோ விமான நிலையத்தில், ஆம், பிராங்கோ புறப்பட்ட அதே இடத்தில், குண்டு வைத்தது. அதனால் தெனெரீஃபுக்குத் திருப்பிவிடப்பட்ட இரண்டு ஜம்போ விமானங்கள் அங்கே மூடுபனியில் ஓடுதளத்தில் மோதியதில் 583 பேர் இறந்தார்கள். 1982இல் தன்னாட்சிச் சட்டம் வந்தபின் பேரம் வாக்குப் பெட்டிக்கு மாறியது. ஸ்பெயினில் விற்பனை வரி 21 விழுக்காடு, தீவுகளில் அதற்கு ஈடான வரி 7 விழுக்காடு. 1852இன் சலுகையின் வாரிசு என்று இதைச் சொல்லலாம். 2023 நவம்பரில் ஸ்பெயின் நாடாளுமன்றத்தில் சான்செஸ் மீண்டும் பிரதமராவதற்கு 179 வாக்குகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கனேரிக் கூட்டணி என்ற தீவுக் கட்சியின் ஒரே உறுப்பினருடையது. தீவுகளுக்கான கோரிக்கைகளை எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே அந்த வாக்கு விழுந்தது.