கணினிக் கேள்வி–பதில்: 180 கோப்புகளுக்கும் ஒரே தடவையில் பூட்டு

கேள்வி: ஏழு பங்காளிகளுக்குப் பொதுவான எங்கள் பூர்வீக வீட்டின் வரவு செலவு, மராமத்துக் கணக்கு, படைப்பு (முன்னோர் வழிபாடு) செலவுப் பட்டியல் என 180 வேர்டு கோப்புகளை நான் பராமரித்து வருகிறேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் உள்ள பங்காளிகளுக்கு அனுப்பினால், யாரோ ஒருவர் கைதவறித் தொகையை மாற்றிவிட, அதுவே மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொன்றாகத் திறந்து பூட்டப் பொழுது போதவில்லை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பூட்ட வழியுண்டா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: உண்டு. வேர்டின் 'ரிவ்யூ' பட்டையில் உள்ள 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' வசதியை, ஒரு சிறிய மேக்ரோவை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) கொண்டு கோப்புறை முழுவதற்கும் செலுத்திவிடலாம். அதற்கு முன், எந்த வகைப் பூட்டு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வாசிக்க மட்டும், குறிப்புரை எழுத மட்டும், படிவக் கட்டங்களை நிரப்ப மட்டும், தடம் விழும்படி திருத்த மட்டும் என நான்கு வகைகள் உள்ளன. முடிந்துபோன ஆண்டுகளின் கணக்குக்கு முதல் வகையே போதும். படைப்புச் செலவுப் பட்டியலுக்கோ நான்காவதைத்தான் பரிந்துரைப்பேன். ஏனெனில், பங்காளிகளுக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும், அவர்கள் மாற்றியது பெயரும் தேதியுமாக ஓரத்தில் நிற்கும், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில் இருக்கும். (அவரவர் கணினியில் பதிந்துள்ள பெயர்தான் வரும் என்பதால், கடைக் கணினியில் திருத்துபவருக்குக் கடையின் பெயரே விழலாம்.)

ஆல்ட் விசையுடன் எஃப்11ஐ அழுத்தினால் மேக்ரோ எழுதும் சாளரம் திறக்கும். மேக்ரோ செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கோப்பைத் திறந்து, ஏற்கெனவே பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் 'ப்ரொடெக்ட்' கட்டளையை இட்டு, சேமித்து, மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அக்கட்டளையில் தடத்துடன் திருத்துவதற்கு 0, குறிப்புரைக்கு 1, படிவத்துக்கு 2, வாசிப்புக்கு 3 என்று எண் கொடுக்க வேண்டும். பூட்டில்லாத கோப்பின் நிலை -1 எனக் காட்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டால், முன்பே பூட்டிய கோப்பு ஒன்று எதிர்ப்பட்டவுடன் மேக்ரோ பிழை காட்டி நின்றுவிடும்.

நம்மவர்க்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 'படைப்புச் செலவு 2023' என்று தமிழில் பெயரிட்ட கோப்பை, பல மாதிரி மேக்ரோக்களில் காணப்படும் 'டிர்' என்ற பழைய கட்டளையால் படிக்க முடியாது. என் கணினியில் சோதித்தபோது பெயர் வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளே வரிசையாக நின்றன. யூனிகோடுக்கு முந்தைய விண்டோஸ் குறியீட்டுப் பக்கங்களில் தமிழுக்கு இடமில்லாததே காரணம். எனவே கோப்புகளைப் பட்டியலிட 'ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்' என்பதைப் பயன்படுத்துங்கள்; கோப்புறையின் பெயரையும் மேக்ரோவுக்குள் தட்டாமல், தேர்வுப் பெட்டி வழியாகச் சுட்டிக்காட்டுங்கள். திறந்திருக்கும் கோப்புக்கு வேர்டு தானாக உருவாக்கும், அலைக்குறியும் டாலர் குறியும் கொண்டு தொடங்கும் மறைகோப்புகளைத் தவிர்க்கவும் ஒரு வரி தேவை. எல்லாவற்றுக்கும் முன், கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். சேமித்து மூடிய கோப்பில் 'அன்டூ' கிடையாது.

கேள்வி: இதே பூட்டைக் கடவுச்சொல்லுடன் போட்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் கடவுச்சொல்லைக் கேட்காமலேயே இரண்டு நிமிடத்தில் கழற்றிக் காட்டினான். பிறகு எதற்கு இந்த வசதி?
– வாசகர், தேவகோட்டை

பதில்: உங்கள் மகன் செய்ததில் மாயம் ஏதுமில்லை. டாக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதற்குள் இருக்கும் 'செட்டிங்ஸ்' என்ற சிறு கோப்பில்தான் பூட்டைப் பற்றிய ஒற்றை வரி எழுதப்பட்டிருக்கிறது. அவ்வரியை நீக்கினால் பூட்டும் நீங்கிவிடும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுற்றுலா வருவோர் மாடிக்குப் போகாமலிருக்கப் படிக்கட்டில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பார்களே, அதைப் போன்றது இது. கைதவறுதலைத் தடுக்கும், வேண்டுமென்றே தாண்டுபவரைத் தடுக்காது. முழுவதையும் நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டுவதையும் அது தடுப்பதில்லை.

பிறர் வாசிக்கவே கூடாதென்றால், 'ஃபைல்', 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் டாக்குமென்ட்' வழியாகச் சென்று 'என்க்ரிப்ட் வித் பாஸ்வேர்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது உள்ளடக்கமே மறையாக்கம் செய்யப்படும். கடவுச்சொல்லை மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர இயலாது. வாசிக்கலாம், ஆனால் மாற்றியது தெரிய வேண்டும் என்றால், நகரத்தார் திருமண ஒப்பந்தமான இசைகுடிமானத்தில் இரு வீட்டாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும் முறையே இங்கும் பொருந்தும். மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, திரும்பி வந்த கோப்பின் பூட்டை அவிழ்த்து, 'ரிவ்யூ' பட்டையின் 'கம்பேர்' மூலம் இரண்டையும் ஒப்பிட்டால், மாறிய ஓர் இலக்கமும் தப்பாது.

கேள்வி: மேக்ரோவுக்குள்ளேயே கடவுச்சொல்லை எழுதி வைக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். மேக்ரோ சாளரத்தைத் திறப்பவர் எவரும் அதைப் படித்துவிடுவார். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் உள்ளீட்டுப் பெட்டியில் கேட்டு வாங்கும்படி எழுதுங்கள். அந்த மேக்ரோ கோப்பை மின்னஞ்சலில் பங்காளிகளுக்கும் அனுப்பாதீர்கள். இணையம் வழி வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022ஆம் ஆண்டு முதல் வேர்டு இயல்பாகவே தடுத்துவிடுவதால், அவர்களுக்கு அது பயன்படவும் செய்யாது.