நோட்டீஸ் போர்டுல பேரை ஒட்டுனா ஊருக்குத் தெரிஞ்சுடாதா?

தென்காசிப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. வயசு 24, நாலு வருஷமா சென்னையில ஹாஸ்டல்ல தங்கி வேலை பாக்குறாங்க. பையன் முஸ்லிம், 27 வயசு. ரெண்டு பேருமே மதம் மாற விரும்பல. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல போய் விசாரிச்சப்போ 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவோம்னு சொல்லியிருக்காங்க, வெளிய வந்தா ஒருத்தர் கூப்பிட்டு "பையனை இந்துவா மாத்தி சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன், ஒரே நாள்ல முடிச்சிடலாம், 25 ஆயிரம் ஆகும்"னு சொல்லியிருக்காரு. எங்க அப்பாவுக்கு லெட்டர் போகுமா, அந்த ஆளை நம்பலாமா, இதுதான் கேள்வி.

ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், நம்பாதீங்க. ஏன்னு பின்னால சொல்றேன்.

அப்பாவுக்கு லெட்டர் போகுமான்னா, மதம் மாறாமலே கல்யாணத்தைப் பதிவு பண்ண வழி குடுக்குற 1954 ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்துல பெத்தவங்களுக்குத் தபால் அனுப்பணும்னு ஒரு வரி கூட கிடையாது. டெல்லியில சில ஆபீஸ்ல அப்படி வீட்டுக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க, 2009ல டெல்லி ஹைகோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. பெத்தவங்க சம்மதக் கடிதம் கொண்டு வான்னு கவுண்டர்ல கேட்டா, எந்தப் பிரிவுல இருக்குன்னு எழுதிக் குடுங்க சார்னு மரியாதையா கேளுங்க, எழுதித் தர மாட்டாங்க, ஏன்னா அப்படி ஒரு பிரிவே இல்ல. சட்டத்தோட இணைப்புல இருக்கிற நோட்டீஸ் படிவத்துல பேரு, கல்யாணம் ஆனவரா இல்லையா, தொழில், வயசு, இருக்கிற இடம், நிரந்தர முகவரி, எத்தனை நாளா இருக்கீங்க, இவ்வளவுதான் கேக்குது. மதம்ங்கிற கட்டமே அதுல கிடையாது.

ஆனா ஒரு இடத்துல ரொம்ப கவனமா இருக்கணும், நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க. அந்தப் படிவத்துல வர்ற நிரந்தர முகவரிதான் அது. நம்ம பிள்ளைங்க பழக்கத்துல ஊர் அட்ரஸை எழுதிடும், ஆதார்லயும் அதானே இருக்கு. நீங்க நோட்டீஸ் குடுக்குற மாவட்டத்துல நிரந்தரமா இல்லைன்னா, உங்க நிரந்தர ஊர் இருக்கிற மாவட்டத்து அதிகாரிக்கு ஒரு நகல் அனுப்பி அங்கயும் ஒட்டணும்னு 6வது பிரிவு சொல்லுது. அதாவது சென்னையில கல்யாணம் பண்ணாலும் தென்காசிப் பக்கம் போர்டுல உங்க பேரு தொங்கும். அந்தக் கண்ணாடி போர்டுக்கு முன்னாடிதான் பத்திரம் பதிய வந்தவங்க, பத்திர எழுத்தர், புரோக்கர்னு நாள் பூரா நிப்பாங்க, ஒருத்தர் போன்ல படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டா அன்னைக்கு சாயங்காலமே வீட்டுல தெரிஞ்சுடும். அதனால உண்மையிலேயே நாலு வருஷமா சென்னையிலதான் இருக்கீங்க, இனியும் இங்கதான்னா, முதல்ல ஆதார் அட்ரஸை முறையா சென்னைக்கு மாத்துங்க, ஹாஸ்டல் ரசீது, கம்பெனி லெட்டர் எல்லாம் சேத்து வைங்க, அப்புறமா நோட்டீஸ் குடுங்க. பொய் அட்ரஸ் மட்டும் வேண்டாம், பின்னாடி அதையே பிடிச்சுக்கிட்டு கேஸ் போடுவாங்க. சட்டம் கேக்குறது, நோட்டீஸுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் 30 நாள் அந்த மாவட்டத்துல இருந்திருக்கணும், அவ்வளவுதான்.

வீட்டுல தெரிஞ்சு அப்பாவே வந்து ஆட்சேபணை குடுத்தாலும் பயப்படாதீங்க. எங்களுக்குப் பிடிக்கல, வேற மதம்ங்கிறது ஆட்சேபணையே கிடையாது. ஏற்கனவே மனைவியோ கணவனோ உயிரோட இருக்காங்க, வயசு பத்தல, மனநிலை சரியில்ல, கல்யாணம் பண்ணக்கூடாத உறவுமுறை, இப்படி 4வது பிரிவுல சொன்ன காரணம்தான் செல்லும். வேணும்னே பொய்யா ஆட்சேபணை குடுத்தா அதிகாரி செலவுத்தொகை போடலாம், அதுவும் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய்தான். ஒரு ஜோடியோட உயிரையே ஆபத்துல மாட்டி விடுறதுக்கு ஆயிரம் ரூபாயாம், 70 வருஷமா இந்தத் தொகையை மாத்தணும்னு எந்த அரசுக்கும் தோணல.

இந்த நோட்டீஸ் முறையை நினைச்சாலே எனக்குக் கோபம் வருது. 1872ல வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழைய சட்டத்துல, நாங்க எந்த மதத்தையும் சேர்ந்தவங்க இல்லன்னு எழுதிக் குடுத்தாதான் கல்யாணம், ஆனா நோட்டீஸ் 14 நாள்தான். சுதந்திரம் வந்த பிறகு அந்த மத அறிவிப்பை எடுத்தாங்க, நல்லது, நோட்டீஸை மட்டும் 30 நாளா ஏத்திட்டாங்க. இந்து திருமணச் சட்டத்துல பண்றவனுக்கு எந்த போர்டும் கிடையாது. 2021ல அலகாபாத் ஹைகோர்ட் ஜோடி கேட்டா மட்டும் ஒட்டுங்கன்னு சொன்னது, ஆனா அது நம்ம ஊர் ஆபீஸ்களைக் கட்டுப்படுத்தாது.

இப்போ அந்த 25 ஆயிரம் ஆளுக்கு வர்றேன். ஒருநாள் என் ஆபீஸுக்கு ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்துச்சு. இதே மாதிரி புரோக்கர் ஒருத்தன் பையனுக்கு இந்துப் பேரு வச்சு, ஒரு கோயில் ரசீது, மதம் மாறின சர்டிஃபிகேட் எல்லாம் தயார் பண்ணி இந்து திருமணச் சட்டத்துல பதிஞ்சு குடுத்துட்டான். மூணு வருஷத்துல பையன் விபத்துல போயிட்டான். கல்யாண சர்டிஃபிகேட்ல ஒரு பேரு, ஆதார், பேங்க், பிஎஃப் எல்லாத்துலயும் வேற பேரு. அவன் மதமே மாறல, இது கல்யாணமே இல்லன்னு மாமனார் வீட்டுல சொல்லிட்டாங்க. பிஎஃப் பணத்துக்கு அந்தப் பொண்ணு கோர்ட்டுக்கு அலைஞ்சது எனக்குத்தான் தெரியும். புரோக்கரோட போன் ஸ்விட்ச் ஆஃப்.

சிலர் சுயமரியாதைக் கல்யாணம் பண்ணிக்கோ, வக்கீல் ஆபீஸ்லயே முடிஞ்சுடும்னு சொல்லுவாங்க. அதுக்கு இடம் குடுக்குற இந்து திருமணச் சட்டத்தோட 7ஏ பிரிவு அருமையான சட்டம், அண்ணா ஆட்சியில வந்தது, வக்கீல் முன்னாடி பண்ணாலும் செல்லும்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு, ஆனா ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும். உங்களுக்கு அது பொருந்தாது. நோட்டீஸ் ஒட்டாமலே பண்ணித் தர்றேன்னு எவனாவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க, உங்க அப்பா நம்பர் முதல்ல அவன் கைக்குத்தான் போகும்.

அப்பா சொத்துல உங்க பங்கு இதனால போகாது, அந்தப் பயம் வேண்டாம்.

நோட்டீஸ் குடுக்குற அன்னைக்கே, ரெண்டு பேரும் மேஜர், விருப்பப்பட்டுத்தான் பண்றோம், மிரட்டல் வரலாம்னு எழுதி கமிஷனர் ஆபீஸ்ல குடுத்து ரசீது வாங்கிக்கோங்க. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவும் தங்க பாதுகாப்பான இடமும் வேணும்னு 2018ல சக்தி வாகினி தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, மனுவுல அந்தத் தீர்ப்பு பேரைக் குறிப்பிடுங்க. வக்கீல் செலவுக்கும் கவலை வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க. 30 நாள் முடிஞ்சதும் மூணு சாட்சியோட போங்க, தள்ளிப் போடாதீங்க, நோட்டீஸ் குடுத்த தேதியில இருந்து மூணு மாசம் தாண்டிட்டா திரும்ப முதல்ல இருந்து நோட்டீஸ், திரும்ப அதே போர்டு.