முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகலாமா?

மட்டக்களப்பில் கடை வைத்திருக்கிறீர்கள், வேலைக்கு வரும் பொடியன்களின் முகத்தை வைத்தே பொய்யைப் பிடிக்க ஒன்லைன் பயிற்சி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காசை மிச்சம் பிடியுங்கள்.

முகபாவனையை வாசிக்கப் பழகலாம், அது உண்மை. போல் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன நுண்பாவனைகள் அரை செகண்டுக்குள் வந்து மறைந்துவிடும். பயிற்சியால் அவற்றைக் கவனிக்க முடியும். ஆனால் அங்கே தெரிவது பயமோ கோபமோதான், பொய் இல்லை. நேர்முகத்துக்கு வந்த பிள்ளைக்குப் பயம் இருக்காதா என்ன? கண்ணைப் பார்த்துக் கதைக்காததையும் பொய் என்று எடுக்க வேண்டாம். நம் பக்கம் பெரியவர்முன் தலை குனிவது மரியாதை.

2006இல் பொண்ட், டிபோலோ என்ற உளவியலாளர்கள் இருவரும் 206 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது 54 சதவீதம். காசு சுண்டினாலே 50 வருமே! பொலிஸார் போன்ற அனுபவசாலிகளும் பெரிதாக மிஞ்சவில்லை.

சரி, வேறென்ன செய்வது? கல்லடியில் மீன் வாங்கும்போது வியாபாரி “இப்பதான் வந்த கொடுவா” என்றால் நாம் அவர் முகத்தையா பார்க்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். அதே வேலைதான். முன்பு வேலை செய்த கடையில் காலையில் கதவு திறந்ததிலிருந்து என்னென்ன செய்வாய் என்று விலாவாரியாகக் கேளுங்கள். அப்புறம் அந்தக் கடைக்கு ஒரு கோல் எடுங்கள். வேலைக்கு வந்தவரைப் பற்றி உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் தகவலை முதலே காட்டிவிடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும்.