மாமாவின் கடையில் எழுதிய கடன் கொப்பியும் அனுபவம்தான்

கேள்வி: எனக்கு 24 வயது, ஊர் களுவாஞ்சிகுடி. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தேன். 14 மாதமாகக் கல்முனையில் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறேன். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டை ஒன்றும் இல்லை. மட்டக்களப்பில் ஒரு நிதிக் கம்பனி வாடிக்கையாளர் சேவை உதவியாளர் வேலைக்கு அடுத்த கிழமை நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது. இதற்கு முன் இரண்டு இடத்தில் தவறிப்போனேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் கேட்டால் பேச்சே வராது. அனுபவம் இல்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: சொல்ல வேண்டாம். அது உண்மையும் இல்லை.

நிதிக் கம்பனி செய்வது இரண்டு காரியம்: சனத்திடம் வைப்புப் பணம் வாங்குவது, அதைக் கடனாகக் கொடுத்துத் தவணை தவறாமல் திரும்ப எடுப்பது. கடன் கொப்பி எழுதி, "எப்ப தருவீங்க அண்ணன்?" என்று முகம் கோணாமல் கேட்டு, வந்த காசை வரவு வைத்தவர் நீங்கள். இரண்டாவது காரியத்தை 14 மாதம் செய்திருக்கிறீர்கள். அதை எடுத்துச் சொல்லாததுதான் குறை.

இன்று கடை பூட்டியதும் கொப்பியை வைத்துக்கொண்டு நாலு விசயம் எடுங்கள். கடனுக்கு வாங்குபவர்கள் எத்தனை பேர், மாத முடிவில் வெளியே நிற்கும் தொகை எவ்வளவு, அதில் எவ்வளவு திரும்பி வருகிறது, கல்லாக் காசுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் வந்தபோது எப்படிக் கண்டுபிடித்தீர்கள். தொகை சின்னதாக இருந்தால் பரவாயில்லை. கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே பிடிபடும். கடனாளிகளின் பெயரை மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். மாமாவின் கடனாளியை வெளியில் சொல்பவர் நாளைக்குக் கம்பனியின் கடனாளியையும் சொல்வார் என்றுதான் எதிரே இருப்பவர் நினைப்பார்.

இனி "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற அந்த முதல் கேள்வி. அதற்கு ஒரு நிமிடம் போதும், கூடினால் ஒன்றரை. பலர் அப்பாவின் தொழில், சகோதரர் எண்ணிக்கை என்று தொடங்கி, "நான் நேர்மையானவள், கடின உழைப்பாளி" என்று முடிப்பார்கள். அன்று காலையிலிருந்து எல்லோரும் சொன்னது அதுதான். எழுதிக்கொள்ள அதில் ஒன்றும் இருக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"நான் களுவாஞ்சிகுடி. வர்த்தகப் பிரிவில் உயர்தரம் சித்தி. 14 மாதமாகக் கல்முனையில் எங்கள் மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் கணக்கு என் பொறுப்பு. கடனுக்கு வாங்குபவர்கள் 60 பேரளவில் இருக்கிறார்கள். பாதிப்பேர் மண்டூர், வெல்லாவெளிப் பக்கத்து விவசாயிகள். முன்பு துண்டுத் துண்டாக எழுதிய கடனை ஆளுக்கொரு பக்கமாக மாற்றினேன். அதனால் யாருக்குத் தவணை தாண்டுகிறது என்று கிழமைக்கொருமுறை பார்த்து அழைக்க முடிகிறது. இதையே முறையான நிறுவனத்தில் படித்துச் செய்ய விரும்புகிறேன்."

எண்களை உங்கள் கொப்பிப்படி மாற்றுங்கள். செய்யாத ஒன்றை என் வார்த்தைக்காகச் சேர்க்க வேண்டாம். வரிக்கு வரி மனப்பாடமும் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் முழுவதும் நின்றுபோகும், உங்களுக்கு நாக்கு ஒட்டியதும் அதனால்தான் இருக்கலாம். ஊர், கடை, கொப்பி, ஏன் இங்கே என்ற நாலு சொல்லை மட்டும் துண்டில் எழுதி, எழுந்து நின்று, ரெலிபோனில் பதிந்து, நாளுக்கு மூன்று தரம் சொல்லுங்கள். வாய்க்குள் முணுமுணுத்தால் பழகாது, சத்தம் வெளியே வரவேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயிக்குக் கையில் காசு புரள்வது பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு, மாசி பங்குனியில். வாடைக்காற்று வீசும் கார்த்திகை மார்கழியில் கடல் கொந்தளிக்கும், மீனவர் வீட்டில் தவணை பிந்தும். கொழும்பில் இருந்து வந்த அதிகாரி இதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பார், உங்களுக்கு அது கடன் கொப்பியில் இருக்கிறது. "தவணை கட்டாதவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டால், ஏன் பிந்தியது என்று முதலில் கேட்பேன், வருமானம் எந்த மாதம் வரும் என்று விசாரிப்பேன், திகதி ஒன்று பெற்று எழுதிக்கொண்டு மேலதிகாரிக்குச் சொல்வேன் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். சலுகை தருவதாக நீங்களே வாக்குக் கொடுப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள், அந்த அதிகாரம் உதவியாளருக்குக் கிடையாது.

கணக்கு ஒன்றைக் கையால் போட்டுப் பழகிச் செல்லுங்கள். 100,000 ரூபா கடன், ஆண்டு வட்டி 24 வீதம், 12 மாதம். முதல் முழுவதற்கும் ஒரே வட்டி போட்டால் 24,000 வட்டி, மாதம் 10,333 ரூபா. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போட்டால் மாதம் சுமார் 9,456 ரூபா, மொத்த வட்டி 13,500 அளவில். வீதம் ஒன்றாக இருந்தும் தொகை ஏன் மாறுகிறது என்று ஒரு பாட்டிக்குப் புரிகிற மாதிரிச் சொல்லத் தெரிந்தால், அந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற நிதிக் கம்பனிகளின் பட்டியல் உண்டு. நீங்கள் போகும் கம்பனி அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போக வேண்டாம். இருந்தால் அவர்கள் லீசிங், நகைக்கடன், நிலையான வைப்பு இவற்றில் எதை முன்னுக்கு வைக்கிறார்கள் என்று கிளைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மொழி. சுயவிபரக் கோவையில் "ஆங்கிலம்: நன்று, சிங்களம்: நன்று" என்று எழுதியிருந்தால் இன்றே திருத்துங்கள், ஒரே வசனத்தில் சோதித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் ஆறு வசனம் போதும்: பெயர், ஊர், படிப்பு, கடையில் செய்வது, ஏன் இந்த வேலை, நன்றி. அதற்கு மேல் கேட்டால் மௌனமாக இருப்பதுதான் பிழை. "மே ஐ ஆன்சர் தட் இன் டமில், ப்ளீஸ்?" என்று கேட்டு, தமிழில் முழுப் பதிலையும் கொடுங்கள். சிங்களத்தில் கேட்டால் "மட்ட சிங்கள டிக்கக் புளுவன்" (எனக்குச் சிங்களம் கொஞ்சம் முடியும்) என்று சொல்லிவிட்டுத் தெரிந்த அளவுக்குப் பேசலாம். கவுண்டருக்கு வருபவர் பெரும்பாலும் தமிழில்தான் பேசுவார் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் பார்ப்பது தெரியாத இடத்தில் நீங்கள் தடுமாறி ஒதுங்குகிறீர்களா, வழி தேடுகிறீர்களா என்பதைத்தான்.

பத்திரங்களுக்கு இந்தக் கிழமையே ஓட வேண்டும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ் நாலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் தந்தை பெயர் விரிவாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி முடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழுக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், வேண்டுமானால் இரண்டு நாள் இழுக்கலாம். மாமாவின் கடை பதிவு செய்யப்பட்டதானால் பதிவிலக்கம், நீங்கள் வேலை செய்த காலம், செய்த வேலை மூன்றும் போட்டு ஒரு சேவைக் கடிதம் வாங்குங்கள். உறவுக்காரர் என்பதை மறைக்க வேண்டாம், கேட்டால் நேரே சொல்லுங்கள். மூலப் பிரதிகள் ஒரு உறையிலும் போட்டோக் கொப்பிகள் இரண்டு தொகுதியாக இன்னொரு உறையிலும் இருக்கட்டும். மழைக்காலமானால் பொலித்தீன் உறை. களுவாஞ்சிகுடியில் இருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காலை பஸ்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு நிரம்பி வரும். 9 மணி நேர்முகத்துக்கு 8 மணிக்கே கல்லடிப் பாலத்தைத் தாண்டியிருங்கள்.

"கல்யாணம் முடித்தால் வேலையை விடுவீர்களா?" என்று பெண்களிடம் கேட்பார்கள். கேட்கக்கூடாத கேள்விதான், ஆனால் அங்கே வாதாடி வெல்ல முடியாது. "வேலையைத் தொடரும் எண்ணத்தோடுதான் விண்ணப்பித்தேன்" என்று ஒரே வரியில் நிறுத்துங்கள், விளக்கம் வேண்டாம்.

சம்பளம் கேட்டால் "நீங்கள் தருவது" என்று சொல்லாதீர்கள். அதே வேலைக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் என்ன கொடுக்கிறார்கள் என்று அங்கே வேலை செய்யும் இரண்டு பேரிடம் முன்கூட்டியே விசாரித்து, ஒரு வரம்பாகச் சொல்லுங்கள். அடிப்படை 50,000 என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம், 4,000 ரூபா கழியும். கம்பனி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தன் பக்கத்தில் இருந்து போடவேண்டும். கடைசியில் "ஏதும் கேட்க இருக்கிறதா?" என்பார்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், அந்தக் காலத்திலும் சேமலாப நிதி உண்டா, மாத இலக்கு ஏதும் உண்டா என்று கேளுங்கள். மூலச் சான்றிதழ்களை வைத்துவிட்டுப் போகச் சொன்னால், "கொப்பி தருகிறேன், மூலப் பிரதியை இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பணிவாகச் சொல்லி உறையைக் கையோடு எடுத்து வாருங்கள். பயிற்சிக் கட்டணம் என்றோ வைப்பு என்றோ வேலைக்கு முன் காசு கேட்டால் ஒரு ரூபாவும் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.