கேள்வி – பதில்: கணித மென்பொருளின் விடை லேடெக்கில் ஏன் உருமாறுகிறது?

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சிலவற்றின் வளைவு ஆரம் குறித்துத் திட்ட அறிக்கை எழுதுகிறேன். சிம்பையில் (பைத்தான் நிரல்மொழியின் கணித மென்பொருள்) பெற்ற கோவையை லேடெக்கில் (கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருள்) ஒட்டினால், பின்னம் வர வேண்டிய இடத்தில் எஃப், ஆர், ஏ, சி என்ற எழுத்துகள் சாய்வாக வருகின்றன. நீண்ட கோவைகள் பக்க ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றன. என்ன செய்யலாம்?
– முதுகலைக் கணித மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவது, தாங்கள் நகலெடுத்த இடத்திலேயே நேர்ந்திருக்கும். பைத்தான் திரையில், விடையை லேடெக் வடிவில் தரும் சிம்பையின் லேடெக் சார்பை மட்டும் அழைத்தால், அது விடையை மேற்கோள்குறிக்குள் இட்டு, ஒவ்வொரு பின்சாய்வுக்கோட்டையும் இரட்டித்துக் காட்டும். அதை அப்படியே ஒட்டும்போது, இரட்டைக் கோட்டை வரி முறிக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் லேடெக், பின்னத்துக்கான கட்டளையில் எஞ்சிய நான்கு எழுத்துகளையும் நான்கு மாறிகளின் பெருக்கலாகக் கருதி அச்சிட்டுவிடுகிறது. பிரிண்ட் கட்டளை வழியே வெளியிட்டால் ஒற்றைக் கோடே வரும். அதனினும் நல்லது, விடையைத் தனிக் கோப்பில் எழுதச் செய்து, அறிக்கைக்குள் இன்புட் கட்டளையால் அழைப்பது. அளவுகளைத் திருத்தி மீண்டும் கணக்கிட்டாலும் ஒட்டுகிற வேலை இராது.

இரண்டாவது கோளாறான நீளத்துக்குக் காரணம், வளைவு ஆரச் சூத்திரத்தில் வரும் வகைக்கெழுக்கள். நாம் கையால் ஒய் பிரைம் என்று எழுதிவிடுவதை சிம்பை முழுப் பின்னமாக விரித்தெழுதும். அவற்றின் இடத்தில் எளிய குறியீடுகளைப் பிரதியிட்டு, லேடெக் சார்பின் சிம்பல் நேம்ஸ் விருப்பத்தில் அவற்றுக்கு வேண்டிய அச்சு வடிவத்தைக் கொடுக்கலாம். இரண்டாம் வகைக்கெழுவையே முதலில் பிரதியிடுக; வரிசை மாறினால், முதல் வகைக்கெழுவை மாற்றும்போதே இரண்டாவதும் சிதைந்துவிடக்கூடும்.

அதற்குப் பிறகும் கோவை நீண்டால், லேடெக்கின் கணிதத் துணைத் தொகுப்பான ஏஎம்எஸ்மேத்தில், கோவையைப் பல வரிகளாக்கும் ஸ்ப்ளிட் சூழலில் முறிக்க வேண்டியதுதான். சிம்பை அடைப்புக்குறிகளை, உயரத்தைத் தானே சரிசெய்யும் லெஃப்ட், ரைட் கட்டளைகளின் இணையாக எழுதுவதால், அந்த இணைக்குள் வரியை முறித்தால் பிழைச்செய்தி வரும். முதல் வரியின் இறுதியில் ரைட்டையும் அடுத்த வரியின் தொடக்கத்தில் லெஃப்ட்டையும் புள்ளியுடன் இட்டுச் சமாளிக்கலாம். ஆனால் இரு வரிகளிலும் அடைப்புக்குறிகளின் உயரம் வேறுபட்டு நிற்கக்கூடும் என்பதால், பிக் வகைக் கட்டளைகளால் அளவை நாமே நிர்ணயிப்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

சிம்பை தசம எண்களை இயல்பாக 15 இலக்கத் துல்லியத்தில் தரும். நாடா பிடித்து அளந்த சாலை வளைவுக்கு அத்தனை இலக்கங்களைத் தேர்வாளர் நம்பமாட்டார். சிம்பையின் ‘என்’ (N) என்ற சார்பில் இலக்க எண்ணிக்கையை 3 என்று குறிப்பிட்டு, சுருக்கிய மதிப்பையே அச்சுக்கு அனுப்புக.